அரை மாத்திரை

உக்காருங்க தங்கச்சி, சேர் காலியாத்தான் இருக்கு. ஒருத்தரப் பாத்து அனுப்ப அரைமணி நேரம் ஆக்குவாரு இந்த டாக்டரு. நின்னுக்கிட்டே இருந்தா காலு கடுத்துப்போகும். அந்தா எடைமெசின் மேல நிக்கிறாரே, அவரா உங்க வீட்டுக்காரரு? நினைச்சேன். ஃபைல நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நீங்க முழிக்கிற முழியப் பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தி நானும் இதே ஆஸ்பத்திரியில இப்பிடித்தான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

நாங்க விருதுநகர். எம் பேரு தமயந்தி. எங்க வீட்டுக்காரக பேரு குணசீலன், மொளகா வத்தல் தரகு பாக்குறாக. ரத்தம் எடுக்க உள்ள கூட்டிட்டுப் போயிருக்காக. வெளிய வந்தா பாருங்க, அவுகளா உடம்பு எளைக்க ஆப்ரேசன் பண்ணுனவுகன்னு கேப்பீங்க. இப்ப எம்பத்தாறு கிலோ. முந்தி நூத்தி முப்பத்தெட்டு. வீட்டு மெசின் நூத்தி இருபதோட நின்னுரும். அதனால குடோன்ல வத்தல் மூட்டை போடுற மெசின்ல ஏறித்தான் எடை பாப்பாக. சுமை தூக்குறவுகள்லாம் சிரிப்பாக, அண்ணாச்சி மூணு மூட்டை இருக்காகன்னு. அவுகளும் கூடச் சேந்து சிரிப்பாக. வீட்டுக்கு வந்து தட்டு முன்னால உக்காந்தவுடனே கண்ணுல தண்ணி வந்துரும். அழுதுக்கிட்டே சாப்பிடுவாக. நான் என்ன செய்ய? பசிச்ச மனுசனுக்குப் போடாம இருக்க முடியுமா? இன்னும் ரெண்டு தோசை ஊத்துவேன்.

ஆப்ரேசனுக்கு முந்தி சுகர் பதினோரு வருசம். பதினோரு வருசமும் நான்தான் ஊசி போட்டேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு வேளை தப்புனதில்ல. அவுகளுக்கு ஊசியக் கண்டா சின்னப்பிள்ளை மாதிரி பயம். சட்டையத் தூக்கிட்டு முகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிருவாக. போட்டியா, போட்டியான்னு கேட்டுக்கிட்டே இருப்பாக. நான் பஞ்ச வச்சு முடிஞ்சிருச்சுன்னு சொன்னாத்தான் கண்ணத் தொறப்பாக. மாத்திரையும் அப்பிடித்தான். இது என்ன மாத்திரை, எதுக்குக் குடுக்குறன்னு ஒருநா கேட்டதில்ல. வாயத் தொறப்பாக, நான் போடுவேன், முழுங்குவாக.

அதனால எங்க போனாலும் ரெண்டு பேருந்தான். கல்யாணமா, காதுகுத்தா, கோயில் கொடையா, தூத்துக்குடில யாவாரமா, நான் கூட இருக்கணும். ஊசி எங்கிட்டல்ல இருக்கு. எங்க சொந்தத்துப் பொம்பளைகள்லாம் சொல்லுவாளுக, ஒம் புருசன் ஒன்னைய விட்டு ஒரு பொழுது இருக்க மாட்டாரேன்னு. மகளப் பெங்களூர்ல கட்டிக்குடுத்துட்டோம். வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். எனக்கு அவுக, அவுகளுக்கு நானு. அப்பிடியே போச்சு.

ஆப்ரேசனா? அதுல ஒண்ணும் பயப்படாதீங்க. ஆப்ரேசன் நல்ல ஆப்ரேசன்தான், நான் குறை சொல்ல மாட்டேன். வயித்த முட்டை அளவுக்கு மறிச்சு, குடல எடுத்து அதுல தச்சுவிடுறாக. வயித்துல சின்னச்சின்ன துளைதான். உடம்பு மெதுவாத்தான் எளைக்கும், சுகர் அதுக்கு முன்னாலயே எறங்கும்னாரு டாக்டரு. எல்லாருக்கும் அப்பிடி ஆகும்னு சொல்ல முடியாது, சிலருக்குக் கொஞ்ச வருசத்துல திரும்பியும் வரும், அப்பப்ப பாத்துக்கிட்டே இருக்கணும்னும் சொன்னாரு. திரும்பியும் வரும்னு சொன்னது மட்டும் எனக்கு மனசுல நின்னுருச்சு.

ஆப்ரேசன் முடிஞ்சு மூணாம் நாளு காலைல, வழக்கம்போல ஊசியில மருந்த ஏத்திக்கிட்டு கட்டில் பக்கம் போறேன். நர்ஸ் பிள்ள, வேணாம்மா, சுகர் நூத்திப் பத்துதான் இருக்கு, இனிமே ஊசி கிடையாதுன்னுச்சு. நான் ஊசியக் கையில புடிச்சுக்கிட்டே நிக்கிறேன். அவுக படுத்தபடியே என்னையப் பாத்துச் சிரிக்கிறாக. சந்தோசப்படணும்ல? படத்தான் செஞ்சேன். சாமிக்கு நேந்துக்கிட்டேன். ஆனா அந்த ஊசிய எங்க வைக்கன்னு ரொம்ப நேரம் தெரியல எனக்கு.

வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டுல சுகர் மாத்திரையவும் ஊசியவும் கோடு போட்டு அடிச்சுட்டாக. சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, இம்புட்டுத்தான். ரெண்டு மாசம் வரைக்கும் எல்லாத்தையும் பொடி பண்ணித்தான் குடுக்கணும், முழுசா முழுங்கக் கூடாதுன்னாக. நான் அம்மியில வச்சுப் பொடி பண்ணி மோருல கலக்கிக் குடுத்தேன். ரெண்டு மாசத்துக்கப்புறம் முழுசாவே போடலாம்னு சொன்னாக. நான்தான் பொடியே இருக்கட்டும், வயித்துக்கு நல்லதுன்னுட்டேன். அவுக எப்பவும் போல வாங்கிக் குடிச்சாக.

ஆனா சுகர் மாத்திரைய நிப்பாட்டுன்னா எனக்கு மனசு ஒப்பாது தங்கச்சி. எங்கப்பாவுக்கு அப்பிடித்தான் ஆச்சு. ஒரு நாட்டு மருந்துக்காரரு பேச்சக் கேட்டு மாத்திரைய நிப்பாட்டுனாரு. ஏழு மாசத்துல வலது காலு முழங்காலுக்குக் கீழ இல்ல. அத நான் கண்ணால பாத்தவ. அதனால ஃப்ரிட்ஜ்ல மீந்த இன்சுலினத் தூக்கி எறிஞ்சேனே ஒழிய, மாத்திரை ரெண்டு அட்டை கெடந்துச்சு, அத எறிய மனசு வரல. அரிசி டின்னுக்குப் பின்னால வச்சேன். சும்மாதான் வச்சேன். கெடக்கட்டும்னு.

சாப்பாட்டக் கேக்குறீங்களா? அதச் சொல்லாதீங்க. மூணு ஸ்பூன். அந்த மூணு ஸ்பூனையும் இருபது நிமிசம் மென்னு திம்பாக. பதினாலு தோசை ஊத்துன கை இது. மூணு ஸ்பூனுக்கு எதுக்கு அடுப்பப் பத்த வைக்கணும்னு சில நாளு எனக்கே தோணும். எங்க தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்து வச்சாக. எங்க பக்கம் விருந்துல இலையில வச்சத ஒதுக்குனா வச்சவுகள ஒதுக்குன மாதிரி. அவுக எல்லாத்தையும் ஒதுக்கிட்டு உக்காந்திருக்காக. எங்க தங்கச்சி முகம் வாடிப்போச்சு. நான்தான் ஒரு லட்டப் பிட்டு வாயில வச்சேன். பத்தே நிமிசம், உடம்பெல்லாம் வேர்த்து, படபடப்பு, வாந்தி. அது ஆப்ரேசன் பண்ணுன வயித்துக்கு இனிப்பு ஆகாது, அதனாலயாம். எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாத்தாக. ஆசையாக் குடுத்தது ஒரு குத்தமா?

பிறகு உடம்பு எளைச்சுது. மாசம் அஞ்சு கிலோ, ஆறு கிலோ. பழைய சட்டையெல்லாம் எடுத்து ஆளுகளுக்குக் குடுத்துட்டாக. புதுசா கட்டம் போட்ட சட்டையா வாங்குனாக, எங்கிட்டக் கேக்காம. காலேஜ் மைதானத்துல நடக்குறவுக ஒரு குரூப்பு, அதுல சேந்துக்கிட்டாக. காலைல அஞ்சரைக்குப் போயிருவாக. ஞாயித்துக்கெழமைன்னா வேன் புடிச்சு, ஒரு வாரம் அணை, ஒரு வாரம் மலையடிவாரம்னு போவாக. பொம்பளைகளும் வருவாளுக. அதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல, நான் அப்பிடி நினைக்கிறவ கிடையாது. நீயும் வா தமயந்தின்னு கூப்பிட்டாக. எனக்கு முழங்கால் வலி, நான் எங்க நடக்க?

ஒரு தடவ யாவார விசயமாத் தூத்துக்குடிக்குப் போனாக. தனியா. இத்தன வருசத்துல மொத தடவ. மூணு நாளு. சத்து மாத்திரையக் கூட நானே எடுத்து வச்சுக்கிட்டேன்னுட்டு போனாக. சாயங்காலம் போன் போட்டுக் கேக்குறேன், மாத்திரை போட்டீகளான்னு. போட்டாச்சு, நீ கவலைப்படாதன்னாக. பின்னால ஆளுக சிரிக்கிற சத்தம் கேக்குது. கவலைப்படாதன்னா என்ன அர்த்தம் தங்கச்சி? பதினோரு வருசமாக் கவலைப்பட்டவகிட்ட அப்பிடிச் சொல்லலாமா?

திரும்பி வந்த மறுநா சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல சுகர் பாத்தேன். அவுக வேணாம்னாக, நான் விடல. நூத்தி அம்பத்திரெண்டு. சாப்பிட்டவுடனே அம்புட்டு இருக்கலாம், தப்பில்லன்னு நர்ஸ் பிள்ள சொல்லுச்சு. ஆனா அது பிறகு சொன்னது. அன்னைக்கு எனக்கு யாரு சொன்னா? எங்கப்பா காலுதான் கண்ணு முன்னால நிக்குது. திரும்பியும் வரும்னு டாக்டரே சொன்னாருல்ல, வந்துருச்சுன்னு நினைச்சேன். மறுநா ஞாயித்துக்கெழமை. காலைல அரிசி டின்ன நகட்டுனேன். ஒரு மாத்திரைய எடுத்து ஒடைச்சேன். பாதிதான். முழுசு குடுக்க நான் என்ன கிறுக்கியா? பாதிய மத்த மாத்திரையோட சேத்துப் பொடி பண்ணி மோருல கலந்து குடுத்தேன்.

அவுக ஷூவ மாட்டிக்கிட்டு வேன் வரும்னு வாசல்ல உக்காந்திருக்காக. வேன் வரப் பிந்திருச்சு. ஒண்ணரை மணி நேரம் இருக்கும். தமயந்தின்னு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு, கையி வெடவெடன்னு ஆடுது. என் கையப் புடிச்சுக்கிட்டு, என்னைய விட்றாத தமயந்தின்னாக. எத்தன வருசத்துக்கப்புறம் தெரியுமா அப்பிடிப் புடிச்சாக. நான் பயப்படல. எனக்குத்தான் எல்லாம் அத்துப்படியே. குளுக்கோசக் கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா ஊட்டுனேன். கால் மணி நேரத்துல தெளிஞ்சுருச்சு. மடியில தலைய வச்சுப் படுத்தாக. வேன்காரகளுக்குப் போன் பண்ணி வரலன்னுட்டாக. அன்னைக்கு முழுக்க வீட்லதான். ரெண்டு பேரும் டிவி பாத்தோம். நான் முருங்கக்கீரை சூப்பு வச்சுக் குடுத்தேன், நல்லாருக்குன்னு குடிச்சாக.

இல்ல இல்ல, தெனமும் இல்ல. நீங்க ஒண்ணு. ஞாயித்துக்கெழமை மட்டுந்தான். சில வாரம் புதன்கெழமையும். வெளியூருக்குப் போறேன்னு சொன்னா, போன எடத்துல சுகர் கூடிருச்சுன்னா யாரு பாக்குறதுன்னு முன்னக்கூட்டியே குடுப்பேன். பிறகு அவுகளே, உடம்பு ஒரு மாதிரி இருக்கு, போகலன்னுருவாக. மொத்தத்துல ஒரு பத்துப் பன்னெண்டு தடவ இருக்கும். எல்லாம் பாதிதான்.

அந்த ஒரு நாளுதான் கொஞ்சம் கைமீறிப் போச்சு. நான் குடுத்துட்டு வீட்லதான் இருப்பாகன்னு நினைச்சேன். எவனோ குடோன்லருந்து கூப்பிட்டான்னு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாக. மார்க்கெட் முக்குல கண்ணு இருட்டி விழுந்துட்டாக. புருவத்துல ஆறு தையல். பின்னால லாரி வந்துச்சாம், அவன் பிரேக்கு போட்டதால பொழைச்சாக. அன்னைக்கு நான் அழுத அழுகை இருக்கே. பத்து நாளு வீட்ல, நான்தான் தெனமும் கட்டு மாத்துனேன். அந்தப் பத்து நாளும் ஒண்ணும் குடுக்கல. ஒரு மயக்கமும் வரல. அதுக்கப்புறம் வண்டியத் தொடவே பயந்துட்டாக. இப்ப குடோனுக்குக் கூட நான்தான் ஆட்டோவுல கொண்டு போயி விடுறேன்.

ஏன் தங்கச்சி அப்பிடிப் பாக்குறீங்க? நான் கெட்டது நினைச்சுச் செஞ்சேன்னா? டாக்டரே சொல்றாரு, இந்த ஆப்ரேசன் பண்ணுனவுகள்ல சிலருக்கு ஒரு வருசம் கழிச்சு இப்பிடிச் சாப்பிட்டதும் சுகர் தன்னால எறங்குமாம். அதுக்கு ஒரு பேரும் சொன்னாரு, எனக்கு வாயில வரல. அப்ப இது அதாக் கூட இருக்கலாம்ல?

அதனாலதான் வந்திருக்கோம். சாப்பாட்ட மாத்திப் பாத்தாரு, மயக்கம் நிக்கல. இப்ப மூணு நாளு படுக்க வச்சுப் பாக்கணுமாம். அதுலயும் பிடிபடலன்னா பெரிய பெரிய படமெல்லாம் எடுத்து, கணையத்துல ஒரு துண்ட வெட்டி எடுக்க வேண்டி வரலாம்னாரு. கணையம்னா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. வயித்துக்குப் பின்னாலயாம், இன்சுலின் அதுலருந்துதான் சுரக்குதாம். அது மொத ஆப்ரேசன் மாதிரி இல்ல, பெருசு, ஆபத்து இல்லன்னு சொல்ல மாட்டேன்னு நேராவே சொல்லிட்டாரு. அவுகளுக்கு முகம் செத்துப்போச்சு. பஸ்ஸுல வரும்போது கேக்குறாக, மறுபடி அறுத்தா நான் பொழைப்பனா தமயந்தின்னு. நான் ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தேன்.

சொல்லிருக்கலாம்தான். எனக்குத் தெரியாதா? போன தடவயே டாக்டரு கேட்டாரு, வீட்ல பழைய சுகர் மாத்திரை ஏதும் கெடக்கா, தெரியாமக் கலந்துருக்குமான்னு. நான் வாயத் தொறக்குறேன். அதுக்குள்ள இவுக முந்திக்கிட்டாக. "டாக்டர், என் மாத்திரை எல்லாம் இவ கையில. பதிமூணு வருசமா இவ கையில ஒரு தப்பு வந்ததில்ல." அப்பிடிச் சொன்ன மனுசனப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் என்னத்தச் சொல்ல? டாக்டரு சிரிச்சுட்டு எழுதிக்கிட்டாரு.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க மதுரை, நான் விருதுநகர், இனிமே நம்ம எங்க பாக்கப்போறோம். மகளுக்குக் கூடத் தெரியாது. ஒங்களுக்கும் ஒரு நா வரும் பாருங்க. இங்க எல்லாரும் வயித்தப் பத்திச் சொல்லுவாக, சுகரப் பத்திச் சொல்லுவாக, எடையப் பத்திச் சொல்லுவாக. நல்லானதுக்கப்புறம் வீட்ல இருக்குறவ காலைல எந்திரிச்சு என்ன செய்யணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாக.

கொஞ்சம் இருங்க, நர்ஸ் பிள்ள என்னையத்தான் கூப்பிடுது.

ஆமாம்மா, குணசீலன் கூட வந்தது நான்தான். போன ஒரு வாரமாவா? சத்து மாத்திரை, சுண்ணாம்பு மாத்திரை, இரும்பு மாத்திரை. மூணும் பொடி பண்ணித்தான். வேறயா? வேற ஒண்ணும் இல்லம்மா. சீட்டுல அடிச்சதெல்லாம் அன்னைக்கே நிப்பாட்டியாச்சு. எங்க போடணும் கையெழுத்து? இங்கயா? இந்தா.

போயிருச்சு. நல்ல பிள்ள, பொறுமையாக் கேக்கும்.

ஏன் தங்கச்சி தள்ளி உக்காருறீங்க? இங்க பாருங்க, நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணும் ஆகாது. மூணு நாளு ஆஸ்பத்திரில இருப்பாக. ஆஸ்பத்திரிக்காரக குடுக்குறத மட்டுந்தான் சாப்பிடுவாக. மயக்கம் வராது. வரலன்னா, சரியாப் போச்சுன்னு அனுப்பிருவாரு. அறுக்க மாட்டாக. அவுகளுக்கும் தெரிய வேண்டாம், எனக்கும் மானம் போகாது. எல்லாத்தையும் நான் யோசிச்சு வச்சிருக்கேன்.

வீட்டுக்குப் போனதுக்கப்புறமா? வீட்டுக்குப் போனா அந்த ரெண்டு அட்டையவும் எறிஞ்சுருவேன். ஒண்ணரை அட்டைதான் இருக்கும் இப்ப. எறிஞ்சுருவேன். ஆனா சுகர் கூடாம இருக்கணும்ல. சாப்பிட்டுப் பாத்து நூத்தி அம்பதத் தாண்டுச்சுன்னா அப்ப என்ன செய்ய? ஞாயித்துக்கெழமை வேன் வரும். வேன்ல ஏறிப் போயிருவாக. போகட்டும்னு விடணும். விட்டுருவேன். விடத்தான் நினைக்கிறேன். பாப்போம்.

ஏன் எந்திரிக்கிறீங்க? உங்க வீட்டுக்காரரு இன்னும் அந்த வரிசையிலதான் நிக்கிறாரு. அங்க எங்க போறீங்க தங்கச்சி? அது டாக்டர் ரூமு. உங்க பேர இன்னும் கூப்பிடலயே.

தங்கச்சி, நில்லுங்க. நான் உங்ககிட்ட நம்பித்தான்...

சரி. போங்க. நான் புடிச்சு நிப்பாட்டல. ரத்தம் எடுக்குற எடம் பக்கத்துலதான் இருக்கு, கதவு தொறந்து கெடக்கு. மெதுவாச் சொல்லுங்க. அவுக காதுல மட்டும் விழாமச் சொல்லுங்க.